அம்மனின் அண்ணன் வெளியே நின்ற வருஷம்

எங்கள் ஊர் அம்மனுக்கு ஓர் அண்ணன் உண்டு. எனக்கு இல்லை. ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இதை எழுதும்போதும் உள்ளுக்குள் எங்கோ எரிகிறது. மனுஷியைப் பார்த்துப் பொறாமைப்படலாம், நியாயம். சாமியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான்.

ஊர் திருப்புல்லாணியிலிருந்து மேற்கே, உள்ளே தள்ளி இருக்கிறது. கடல் கண்ணுக்குத் தெரியாது. காற்றுத் திரும்பும் நாட்களில் மிளகாய் காயும் களத்தின் மேல் ஈர உப்பாக வந்து உட்காரும், எங்களுக்கும் கடலுக்கும் அவ்வளவுதான். நாங்கள் வானத்தைப் பார்த்து விதைக்கிற ஆட்கள். ஆனால் கண்மாய்க்கரையில் இருக்கும் எங்கள் அம்மன் கடலில் பிறந்தவள். யாரோ ஒருவன் வலையில் ஒரு பெட்டி சிக்கியதாம். பெட்டிக்குள் அவள் இருந்தாளாம். பிடித்தவன் தங்கையாகப் பாவித்துத் தலையில் சுமந்து வந்து, தண்ணீர் குடிக்க எங்கள் கண்மாயில் இறக்கி வைத்தானாம். அதற்குமேல் எழுந்திருக்க மாட்டேன் என்றாளாம். சரி, இதுதான் நீ வாக்கப்பட்ட ஊர், வருஷத்துக்கு ஒருமுறை பிறந்த வீட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

சொன்னபடி கொண்டுவருகிறார்கள். அந்தக் குடும்பம் தங்கச்சிமடத்தில் இருக்கிறது. பல தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள். மதம் மாறியது அவர்கள் கணக்கு; தங்கை மாறவில்லை. இப்போது வருகிறவருக்கு என் வயதுதான் இருக்கும். விசைப்படகில் வேலை. திருவிழா வைகாசியில், மீன்பிடித் தடைக்காலத்தில் வருவதால் படகு கரையில் கட்டிக் கிடக்கும், அவருக்கும் ஓய்வு. விடியும் முன் இடுப்பளவு கடலில் இறங்கி, இருபது லிட்டர் கேனில் தண்ணீர் மொண்டு, பாம்பன் பாலத்தைப் பஸ்ஸில் தாண்டி, கேன் ஒழுகுகிறது என்று சத்தம் போடும் கண்டக்டரிடம் சண்டை பிடித்து, எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் இறங்குவார். அங்கே பனையடியில் ஒரு பித்தளைக் குடம் காத்திருக்கும். அது எங்கள் வீட்டுக் குடம். வருஷம் முழுக்க எங்கள் பரணில் கவிழ்ந்திருக்கும். புளி போட்டுத் துலக்குவது நான்.

கேனிலிருந்து குடத்துக்குத் தண்ணீர் மாறியதும் அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு குடத்தைத் தலையில் ஏற்றுவார். ஊரில் பெரியவர், சிறியவர், பல் விழுந்தவர் எல்லோருக்கும் அவர் மாமா. ஆத்தாளின் அண்ணன் நமக்குத் தாய்மாமன் இல்லாமல் வேறு யார்? கருவறை வாசலில் பூசாரி கதவை மறித்து நின்று கேட்பார்.

"யாரு வந்திருக்கது?"

"பொறந்த வீட்டுல இருந்து வந்திருக்கேன்."

"வெறுங்கையோடயா வந்தீக?"

"சீரோட வந்திருக்கேன்."

கதவு விலகும். முதல் அபிஷேகம் கடல் தண்ணீர். முதல் திருநீறு அவருக்கு. முதல் பரிவட்டம், அம்மன் மேலிருந்து எடுத்த சிவப்புத் துணி, அவர் தலையில். பாலம் தாண்டும்வரை திருநீற்றை அழிக்கமாட்டார். அதற்கப்புறம் வேர்வை அழித்துவிடும் என்பார்.

நான் பெண்கள் வரிசையில், கையில் துடைத்த துணியோடு, எக்கி எக்கிப் பார்ப்பேன். குடம் எங்களுடையது. அதைப் பளபளக்க வைத்த நகம் என்னுடையது. எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் பாதி அந்தக் கோயில் படியில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தவை. ஞாயிறு தோறும் வேறு சாமி முன் மண்டியிடுகிற ஒருவர் வருகிறார், அவள் முகத்தில் முதல் சொட்டை விடுகிறார், போகிறார். நான் எட்டாவது, ஒன்பதாவது ஆளாகத் திருநீறு வாங்குகிறேன். அதுவும் பரவாயில்லை. எனக்குப் பொறுக்காதது அந்தக் கேள்வி பதில்தான். 'பொறந்த வீட்டுல இருந்து.' நான் ஒற்றைப் பிள்ளை. என்னைப் பார்க்க அப்படிச் சொல்லிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்க ஆள் கிடையாது. என் மகள் வயதுக்கு வந்தபோது சித்தப்பா மகன் தாய்மாமன் இடத்தில் நின்றான். போட்டோ எடுத்ததும் பந்திக்குக்கூட இருக்காமல் பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான். கல்லாய் உட்கார்ந்திருக்கிற இவளுக்கோ வருஷம் தவறாமல், பஸ் பிடித்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஒருவன் வருகிறான்.

சில வருஷங்களுக்கு முன் ஊரில் இரண்டு வகையறாவுக்குள் தகராறு. பொங்கல் பானையை யார் வீட்டு அடுப்பு நெருப்பில் ஏற்றுவது என்று தொடங்கிக் கோயிலைப் பூட்டுகிற வரை போயிற்று. பூட்டின் மேல் பூட்டு. கடைசியில் இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த ஒரே காரியம், அரசாங்கமே எடுத்து நடத்தட்டும் என்று மனுக் கொடுத்தது. நாங்கள்தான் கூப்பிட்டோம். இதை எங்கள் ஊரில் இன்று யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

அறநிலையத் துறையிலிருந்து அலுவலர் வந்தார். நல்ல மனிதர். செருப்பை எல்லோருக்கும் முன்னால் கழற்றுவார். பூசாரிக்குச் சம்பளம் வந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது. கூடவே ஒரு பலகையும் வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து: இந்துக்கள் அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டிச் செல்ல அனுமதி இல்லை.

எங்கள் கோயிலில் கொடிமரமே கிடையாது.

ஊர் கூடி அந்தப் பலகையைச் சுற்றி நின்றது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அத்தை, வாயில் பேச்சு நிற்காத மனுஷி, அலுவலரிடம் கேட்டாள்: "இல்லாத மரத்தை எங்கனக்குள்ள தாண்டுறது சார்? நட்டுக் குடுத்துட்டுப் பலகையைப் போடுங்க."

அலுவலர் சிரித்துவிட்டார். "எல்லாக் கோயிலுக்கும் ஒரே பலகைதாம்மா அடிச்சு வருது. நம்ம கோயிலுக்கு, இந்தா, மணி தொங்குற இந்தக் கல்தூண் ரெண்டையும் எல்லைன்னு வச்சுக்குவோம்."

"அப்ப எங்க மாமா?"

அவருக்கு மாமாவைத் தெரியாது. ஊரே ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கியது. பெட்டி, வலை, குடம், சீர். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு இரண்டு வழி சொன்னார். ஒன்று, இந்த அம்மன்மேல் நம்பிக்கை வைத்து, இந்தக் கோயில் முறைப்படி நடப்பேன் என்று அந்த மனிதர் பதிவேட்டில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வரலாம். இல்லையென்றால், இது காலகாலமாக நடக்கும் வழக்கம் என்று ஊரே விவரமாக எழுதி ஒப்பமிட்டுக் கொடுக்கட்டும், மேலே அனுப்பிப் பார்க்கிறேன்.

என் சித்தப்பா அங்கேயே மாமாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். உறுதிமொழி என்றதும் மாமா எதிர்முனையிலிருந்து குறுக்கிட்டார்.

"மருமகனே, தங்கச்சி வீட்டுக்குள்ள போறதுக்கு எவனாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போவானா?"

"அதுக்கில்ல மாமா, ஒரு கையெழுத்துத்தான..."

"எங்க ஃபாதர் ஒண்ணும் சொல்லமாட்டாரு, அவரைத் தெரியும். நான் போடமாட்டேன். எங்கய்யா போடல, அவுகய்யா போடல. வாசல்ல நிப்பேன். கூப்பிட்டா வாரேன், இல்லைன்னா தண்ணியக் கீழ ஊத்திட்டுப் போறேன்."

ஆக, மிச்சம் இருந்தது ஊர் எழுதித் தரும் தாள் மட்டும். மாமா உள்ளே போவதும் தூணுக்கு வெளியே நிற்பதும் அந்தத் தாளில் இருந்தது. எழுதுகிறவள் என்று ஊரில் நான் ஒருத்திதான். பத்திரிகையில் என் கதைகள் வந்ததால் எனக்கு ரேஷன் கார்டு திருத்தம் முதல் கடன் தள்ளுபடி வரை எல்லா மனுவும் எழுதத் தெரியும் என்று நம்புகிற ஊர். நம்பினார்கள்.

ஊர் முழுக்க ஒரே மனம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஊர் வாட்ஸ்அப் குழுவில் திருப்பூரில் இருக்கும் ஒருவன் எழுதினான்: 'சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். வேற மதத்துக்காரங்க கோயில்ல நம்மள விடுவாங்களா?' பக்கத்து வீட்டு அத்தையின் மகன் உடனே குரல் பதிவு போட்டான்: "ஏலே, ரெண்டு வருசத்துக்கு முன்ன தங்கச்சிமடத்துத் திருவிழாவுக்கு மாமா வீட்டுக்குப் போயி, தேருக்குத் தோள் குடுத்து, மூணு தடவை சோறு வாங்கித் தின்னது யாருலே?" அதன்பின் திருப்பூர் பேசவில்லை. இப்படி நாலைந்து பேரைத் தவிர ஊர் மாமா பக்கம்தான். விரலில் மை வைத்து, யார் நாட்டை ஆள வேண்டும் என்று எங்களைக் கேட்கிறார்கள். அம்மன் வீட்டுக்குள் அவள் அண்ணன் வரலாமா என்று எந்தத் தேர்தலிலும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வரக்கூடாது என்கிற வேட்பாளரின் டெபாசிட் போயிருக்கும். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் சொன்னோம். ஒருவர் 'பாத்துக்கலாம்' என்றார், இன்னொருவர் 'கண்டிப்பா பாத்துக்கலாம்' என்றார்.

நான் வெள்ளைத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். மதியம். முற்றத்தில் துலக்கிய குடம் வெயிலில் கவிழ்ந்திருந்தது. கையில் புளி வாசம்.

எழுதினேன். வைகாசித் திருவிழாவின் முதல் நாள் கடல் நீர்க் குடம் கோயிலுக்குள் எடுத்துச் செல்லப்பட்டு அம்மனுக்கு முதல் அபிஷேகம் நடப்பது தொன்றுதொட்ட வழக்கம் என்று எழுதினேன். வலையை எழுதினேன், பெட்டியை எழுதினேன், கண்மாயை எழுதினேன். அழகாகவே எழுதினேன். குடத்தைத் தூக்கி வருவது யார் என்று மட்டும் எழுதவில்லை. அண்ணன் என்ற சொல் அந்த மூன்று பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஆளையும் அவர் மதத்தையும் போட்டால் மேலே இருப்பவர்கள் மிரண்டு முதல் வரியிலேயே மறுத்துவிடுவார்கள். குடத்தை உள்ளே அனுப்பிவிட்டால் ஆள் பின்னாலேயே போய்விடுவார். கெட்டிக்காரத்தனம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த இடத்தில் பேனா நின்றபோது என் நெஞ்சில் ஓடியது வேறு. ஒரே ஒரு வருஷம் அவர் வெளியே நிற்கட்டுமே என்று ஓடியது. வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டுமே.

ஊர் கையெழுத்துப் போட்டது. ஒருவரும் வாசிக்கவில்லை. "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று தாளைத் தொடையில் வைத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தவர்கள் விரலைத் தலையில் துடைத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் கேட்டாள்: "மாமாவப் பத்தி நல்லா அழுத்தி எழுதியிருக்கியாத்தா?"

"எல்லாம் இருக்கு அத்தை."

பதில் ஒரே பத்தியில் வந்தது. கடல் நீர்க் குடம் கொண்டு செல்லும் வழக்கம் ஏற்கப்படுகிறது. மேற்படி குடத்தை ஊரைச் சேர்ந்த இந்து சமயத்தவர் எவரேனும் எல்லையிலிருந்து பெற்று உள்ளே எடுத்துச் செல்லலாம்.

கேட்டதைக் கொடுத்திருந்தார்கள். ஊர் அலுவலகத்தைத் திட்டியது. இவ்வளவு சொல்லியும் மண்டையில ஏறலையே என்றார் சித்தப்பா. நானும் சேர்ந்து திட்டினேன். என் குரல்தான் அதிகம் கேட்டது.

யார் தூக்குவது? ஆண்கள் பின்வாங்கினார்கள். "தாய்மாமன் கொண்டாந்த சீரை மருமகன் தூக்கிட்டுப் போறதா? அசலூர்க்காரன் காறித் துப்புவான்." பூசாரி தூக்கலாம் என்றால், கேட்கிறவனே பதிலும் சொல்ல முடியாது. இழுபறியில் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "குடம் உங்க வீட்டுது. துலக்குறதும் நீதான். நீயே வாங்கிட்டுப் போயிருத்தா."

ஒரு பெண் அந்தச் சீர்க்குடத்தைத் தலையில் சுமந்தது கிடையாது. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நெஞ்சு துள்ளியது. அன்று இரவு பட்டுப்புடவையை எடுத்து மடிப்பு நீவி வைத்தேன், அதையும் மறைக்க மாட்டேன்.

திருவிழா நாள் காலையில் மாமா வந்தார். பனையடியில் கேனைக் கவிழ்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், குடத்தைத் தலையில் ஏற்றினார். மேளம் முன்னால் போனது. எல்லாம் எப்போதும் போல, மணித்தூண் வரை. அங்கே அலுவலர் கைகட்டி, தலைகுனிந்து நின்றார். மேளக்காரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் குச்சியை அந்தரத்தில் பிடித்திருந்தார். மாமா பலகையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், தூக்கிய கைகளோடு அப்படியே நின்றார். குடத்திலிருந்து ஒரு கோடு தண்ணீர் அவர் காது வழியாக இறங்கிக் கழுத்துச் சிலுவையில் சொட்டியது.

நான் முன்னால் போய்க் கை நீட்டினேன்.

"நீயா மருமகளே" என்றார். கோபம் இல்லை. "சரிதான். அது உங்க குடந்தான. தலையக் குனி. சும்மாடு வச்சுக்க, கனம் அதிகம்." குடத்தை இறக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு, தன் தலையிலிருந்த துண்டுச் சும்மாட்டை எடுத்து அவரே என் தலையில் வைத்தார். பிறகு அதன்மேல் குடத்தை ஏற்றினார்.

அத்தனை வருஷம் ஆசைப்பட்டேன், அது இவ்வளவு கனம் என்று தெரியாது. கழுத்து உள்ளே போனது. உப்புத் தண்ணீர் நெற்றியில் வழிந்து கண்ணில் ஏறியது. கண்ணைத் துடைக்கக் கை கிடையாது. அரைக்குருடாக நடந்தேன். கருவறை வாசலில் பூசாரி வழக்கம்போலக் கதவை மறித்தார்.

"யாரு வந்திருக்கது?"

வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? நான் இந்த ஊர்ப் பெண். பிறந்ததும் இங்கேதான், வாக்கப்பட்டதும் இங்கேதான். எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்வேன்? பூசாரி மறுபடி கேட்டார். கேள்விக்குப் பதில் வராமல் கதவை விலக்கி அவருக்குப் பழக்கமில்லை. குடம் சரியத் தொடங்கியது.

"யாரு வந்திருக்கது?"

பின்னால், தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நடுக்கடலில் அடுத்த படகைக் கூப்பிடும் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது.

"பொறந்த வீட்டுல இருந்து வந்திருக்கேன்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அலுவலர் தலை நிமிரவில்லை.

"வெறுங்கையோடயா வந்தீக?" பூசாரி என்னைத் தாண்டி, தூணைப் பார்த்துக் கத்திக் கேட்டார்.

"சீரோட வந்திருக்கேன்!"

கதவு விலகியது. தண்ணீர் அவள்மேல் விழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். ஒன்றும் தெரியவில்லை. கண்ணெல்லாம் உப்பு.

பூசாரி பரிவட்டத்தை எடுத்தார். பெண்ணுக்குக் கட்டுவது வழக்கமில்லை. என் கையில் வைத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு தூணுக்கு ஓடிவந்தபோது மாமா இல்லை. காலிக் கேனை எடுத்துக்கொண்டு பத்தேகால் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். திருநீறுகூட வாங்கவில்லை.

மூன்று நாள் அந்தத் துணி என் வீட்டில் இருந்தது. நாலாம் நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு தங்கச்சிமடத்துக்குப் பஸ் ஏறினேன். அவர் வீட்டு முன்னால் மணலில் வலை விரிந்து கிடந்தது. மாமா கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் மனைவி வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். டீ வந்தது. குடிக்காமலே சொன்னேன். ஊர் எழுதச் சொன்னதையும், நான் எழுதியதையும், எழுதாமல் விட்டதையும்.

மாமாவின் கை வலையில் நின்றது.

"அப்ப ஆபீசு என்னைய நிப்பாட்டல."

"இல்ல மாமா."

"என்னத்துக்கு?"

"உங்களைப் பாத்து எனக்குப் பொறாமை மாமா. இல்ல, அவளைப் பாத்து. ரெண்டும்தான்."

அவர் மனைவிதான் சிரித்தார். "நீ ஒருத்திதான்னு நெனச்சியா? கட்டிக்கிட்டு வந்து இருவத்தஞ்சு வருசமாச்சு. எனக்கு ஒரு முழம் பூ வாங்கிட்டு வந்திருப்பாரா இந்த மனுசன்? அந்த ஆத்தாளுக்கு மட்டும் வருசம் தவறாம சீரு. வைகாசி பொறந்தா இவரு மூஞ்சியே வேற. நானா இருந்தா குடத்தையே ஒளிச்சு வச்சிருப்பேன்."

"நீ சும்மா இரு" என்றார் மாமா. ஆனால் அவர் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு கரைப் பக்கம் கை நீட்டினார். அங்கே ஒரு சிமெண்டுச் சிலுவை, மேலே கிழிந்த தார்ப்பாய். "அந்தக் குருசடிக்குத் தகரக் கூரை போடணும். எங்க நெலம், எங்க தகரம். அனுமதி கேட்டு எழுதிக் குடுத்து எத்தனையோ காலமாச்சு. உங்க ஊர்ல உள்ள வராதன்னு தாளு, எங்க ஊர்ல கூரை போடாதன்னு தாளு. தாளு போடுறவகளை எனக்குத் தெரியாது, அவுககிட்ட எனக்குக் கோவம் வரமாட்டேங்குது. தெரிஞ்ச கையி போட்டதுக்குத்தான் வலிக்குது மருமகளே."

நான் பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். அதில் இன்னும் மஞ்சள் வாசம் இருந்தது. அவர் வாங்கவில்லை.

"அங்கன கட்டுனாத்தான் அது பரிவட்டம். இங்கன அது துண்டு. கொண்டு போ."

"மறுபடி எழுதுறேன் மாமா. உங்களைப் போட்டு எழுதுறேன்."

"எழுது. அவுக வேண்டாம்னா வேண்டாம். நான் தூணுகிட்ட நின்னு கத்திட்டு வாரேன், தொண்டை இருக்கு." கிழிசலுக்குத் திரும்பினார். "ஆனா எழுதினதை ஊர்ல சத்தம் போட்டு வாசி. எல்லாரும் கேக்கட்டும். பழைய தாளையும் சேத்து வாசி."

திரும்பும்போது பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. கீழே தடைக்காலப் படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கட்டிக் கிடந்தன. மடியில் துணி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. அலுவலரையும் வரச் சொல்லியிருந்தேன். முதலில் பழைய தாளை வாசித்தேன். மூன்று பக்கமும். முடித்ததும் அத்தை முன்வரிசையிலிருந்து கேட்டாள்.

"இதுல எங்கத்தா மாமா?"

வேண்டுமென்றே விட்டதைச் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சித்தப்பா எழுந்து போய்த் தூணில் சாய்ந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அத்தை என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சரி. புதுசை வாசி. இந்தத் தடவை நாங்க கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்."

புதுத் தாளை விரித்தேன். பரிவட்டத் துணி என் தோளில் கிடந்தது, வைக்க வேறு இடம் தெரியவில்லை. முதல் வரியை வாசித்தேன்.

எங்கள் அம்மனுக்கு ஓர் அண்ணன் உண்டு.